பூவம்மாள் பக்கம் திருப்பாத வருஷம்

ஆம்பூரை அடுத்த பாலாற்றங்கரைச் சேரியில் பூவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அப்துல் வஹாப் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பது அவள் வேலை. புருஷனும் அங்கேயேதான், சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுவான். சின்னசாமியாக இருந்த அவன் ஞானஸ்நானம் வாங்கியபோது சாமுவேல் ஆனான். பூவம்மாள் மட்டும் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. போதகர் கேட்டதற்கு, எங்கம்மா வச்ச பேரு, அதுல ஒரு பாவமும் இல்லியே என்று சொல்லிவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பேரைச் சொல்லியே தண்ணீர் தெளித்தார். முதல் மகாயுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய கதை இது.

சாமுவேலுக்கு ஒரே ஒரு அக்கா, செண்பகம். அதே சேரியில் கீழண்டைத் தெருவில் வீடு. புருஷனை இழந்தவள். அமிர்தவள்ளி என்று ஒரே மகள். தம்பி வேறு சாமியிடம் போனது செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. கங்கையம்மன் திருவிழாவுக்குத் தம்பி வரி கொடுக்காமல் நின்றபோது ஊர்க்காரர்கள் அவளைத்தான் கேள்வி கேட்டார்கள். அந்தக் கோபத்தைத் தம்பியிடம் காட்ட மனசு வராமல் தம்பி பெண்டாட்டியிடம் காட்டினாள்.

கோடையில் ஆறு வற்றினால் மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். அப்படி ஒருநாள் காலையில் பெண்கள் முறைக்குக் காத்து நின்றபோது, செண்பகம் எல்லோர் முன்னாலும் பூவம்மாளைப் பார்த்து, சாமியை விட்டவளுக்கு மடி காய்ந்துதான் கிடக்கும் என்று சொல்லிவிட்டாள். பூவம்மாளுக்குப் பிள்ளை இல்லை. தங்காமல் போன குழந்தை ஒன்று உண்டு. அதைச் சேரி முழுக்கவும் அறியும்.

செண்பகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கரை ஏறிப் போன பிறகு, பூவம்மாள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், என் மடி காஞ்சாலும் என் வீட்ல காக்கா வலிப்புக்காரி யாரும் இல்லை என்றாள். யாரைச் சொல்கிறாய் என்று அந்தப் பெண் கேட்டாள். அமிர்தவள்ளியைத்தான் என்றாள் பூவம்மாள்.

அது பொய். அதற்கு முந்தின கோடையில் பட்டைக் கட்டு சுமந்து வந்த அமிர்தவள்ளி வெயிலில் மயங்கி விழுந்திருந்தாள். காலையிலிருந்து பட்டினி. அவளை மடியில் கிடத்தி மோர் ஊற்றி எழுப்பியதே பூவம்மாள்தான். உண்மை அவளைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஒடுகத்தூர். உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தவள். அமிர்தவள்ளிக்கு ஒடுகத்தூரில்தான் மாப்பிள்ளை பேசி வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். வேர்க்கடலை பிடுங்கி முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. கடலை பிடுங்கி முடிந்தது. ஒடுகத்தூரிலிருந்து ஆள் வந்து, எங்களுக்குச் சரிப்படவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். காரணம் சொல்லவில்லை.

செண்பகமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். தாய்மாமன் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டான், அதனால்தான் சம்பந்தம் முறிந்தது என்று. தம்பி வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அன்றோடு போக்குவரத்து நின்றது. சாமுவேல் அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் அந்தப் பழியைச் சுமந்தான். உண்மைக் காரணம் தன் பொய்தான் என்று ஊகித்தும் பூவம்மாள் அவன் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு அது பெரிதாகக்கூடத் தெரியவில்லை.

அவள் எழுத்துப் படித்தது இதற்குப் பிறகு. போதகருக்குத் துணையாக இருந்த உபதேசியாரின் மனைவி, வேலை விட்டு வரும் பெண்களை வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். மற்றவர்கள் தங்கள் பேரை எழுத வந்ததும் நின்றுகொண்டார்கள். பூவம்மாள் நிற்கவில்லை. எழுத்துக் கூட்டி, வார்த்தை கூட்டி, வரி கூட்டி, சுவிசேஷம் வாசிக்கும் வரைக்கும் வந்துவிட்டாள். வாசிக்க வந்ததும் சபையில் அவளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள்.

காலையில் கஞ்சி கொதிக்கிற நேரம்தான் அவள் வாசிக்கிற நேரம். வெளிச்சத்துக்காக வாசற்படியில் நின்றுகொண்டு, விரலை வரிக்கடியில் வைத்து நகர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பாள். ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிய விரல். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. அவள் வாசித்த பக்கத்திலெல்லாம் வரிக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு இருக்கும்.

அவளாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். இன்று வாசித்ததைச் செய்து பார்த்துவிட்டுத்தான் நாளைக்கு மேற்கொண்டு வாசிப்பது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சாயபு இன்றைக்குச் சொன்ன வேலையை முடிக்காமல் நாளைக்குப் போய் அடுத்த வேலை என்னவென்று கேட்க முடியுமா, அதே மாதிரிதான் இது என்பாள்.

அந்த வழக்கத்தால் சாமுவேல் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு மைல் வா என்று கூப்பிட்டால் இரண்டு மைல் போ என்று கோயிலில் வாசிக்கக் கேட்ட அன்றைக்குக்கூட, மேஸ்திரி கோவிந்தசாமி ஒரு கூடையைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து வை என்று சொல்ல, இவள் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டாள். கூடையைத் தேடி மேஸ்திரி அலைந்தது தனிக்கதை. நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்கிற இடத்துக்கு எப்போது வந்துவிடுவாளோ என்று சாமுவேலுக்குப் பயம். "அந்தப் பக்கம் வந்தா முன்னாடியே சொல்லிடு, நான் போய் விறகாச்சும் வாங்கிப் போட்டுடறேன்" என்று கெஞ்சுவான்.

அங்கே போவதற்கு முன்னால்தான் அவள் ஒரு இடத்தில் நின்றாள்.

காணிக்கை கொண்டுவருகிறபோது, உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று அந்த இடத்தில் இருந்தது. வாசித்தாள். கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்தது. மறுநாள் காலையிலும் அதே இடத்தை வாசித்தாள். அதற்கு மறுநாளும்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பூவம்மாள் பானையில் போடுவதை நிறுத்தவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். வெறுங்கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டுப் போவாள்.

போதகர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, கஷ்டமா என்று விசாரித்தார். அவள் பானையைத் தூக்கிக் காட்டினாள். செலுத்தக் கூடாது என்று எழுதியிருப்பதால் வைத்திருக்கிறேன் என்றாள். எந்த இடம் என்று கேட்டு, அவள் விரல் வைத்துக் காட்டிய வரியை அவர் வாசித்தார். பிறகு, நாத்தனாரோடு சண்டை அவர்கள் பக்கத்தில் ஆரம்பித்ததுதானே, நீ போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வா, அது போதும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் போகவில்லை. போக முடியாத காரணம் போதகருக்கும் தெரியாது, சாமுவேலுக்கும் தெரியாது.

மாசங்கள் போயின. வேதம் எவ்வளவு தூரம் வாசித்திருக்கிறாய் என்று பெண்கள் கேட்டால், அங்கேயேதான் என்பாள். பக்கம் திருப்பாம ஒருத்தி வேதம் படிக்கிறா என்று கேலி பேசிச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சாமுவேலுக்கு விபத்து நேர்ந்தது. சுண்ணாம்புக் குழியின் விளிம்பு சறுக்கி, புதுச் சுண்ணாம்பு போட்ட குழிக்குள் விழுந்துவிட்டான். தூக்கி எடுப்பதற்குள் இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் வெந்துபோயிற்று. சாயபு வண்டி கட்டி வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். புண் கொஞ்சம் ஆறி அவன் வீட்டுக்கு வந்த மறுநாள், வாசலில் செண்பகம் நின்றாள். கையில் கேழ்வரகுக் கூழ். தம்பியின் காலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை அடங்கவில்லை. அழுது முடித்துவிட்டுப் பூவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனது போகட்டும் பூவு. உன் சாமி உன்கிட்ட இருக்கட்டும், என் சாமி என்கிட்ட இருக்கட்டும். எனக்குன்னு வேற யார் இருக்காங்க" என்றாள்.

மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அமிர்தவள்ளியும் கூட வந்து மாமனுக்குக் கட்டுத் துணி துவைத்துக் கொடுத்தாள். சேரியில் எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா தம்பி ஒன்றாகிவிட்டார்கள், இனிமேல் பூவம்மாள் பக்கத்தைத் திருப்பலாம் என்று பேசிக்கொண்டார்கள். உபதேசியார் மனைவிகூட, கர்த்தர் அவர்களையே உன் வாசலுக்கு அனுப்பிவிட்டார் பார் என்றாள்.

பூவம்மாளும் பக்கத்தைத் திருப்பத்தான் பார்த்தாள். காலையில் புத்தகத்தைத் திறந்து, அடுத்த இடத்தில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை. செண்பகம் மன்னித்தது செண்பகத்துக்குத் தெரிந்த குற்றத்தை. தெரியாத குற்றம் அப்படியே கிடக்கிறது. பெண் கல்யாணமாகாமல் வீட்டில் இருக்கிறாள். இப்போது சொன்னால், வந்த உறவு திரும்பிப் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை.

முதலில் சாமுவேலிடம் சொன்னாள். காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், ஊற்றடியில் தான் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். என் விசுவாசத்தால்தானே அந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சுன்னு ராவும் பகலும் நினைச்சிட்டிருந்தேன் என்று மட்டும் சொன்னான். அவன் அவளைத் திட்டவில்லை. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று பூவம்மாள் பிற்பாடு சொல்லுவாள். அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டு, அக்காகிட்டயும் சொல்லிடு, நான் இருக்கேன் என்றான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் கீழண்டைத் தெருவுக்குப் போனாள். செண்பகம் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அமிர்தவள்ளி உள்ளே அடுப்பண்டை. பூவம்மாள் தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அண்ணி, ஒடுகத்தூர் சம்பந்தம் உன் தம்பி வேதத்துல சேர்ந்ததால போகலை. நான் சொன்ன பொய்யால போச்சு. அமிர்தத்துக்கு வலிப்புன்னு நான்தான் அந்த ஊர்க்காரிகிட்ட சொன்னேன். உம்மேல இருந்த கோவத்துல சொன்னேன்."

செண்பகம் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போ என்றாள். பூவம்மாள் எழுந்தாள். இந்த வாசப்படி மிதிக்காதே என்றாள் செண்பகம். பூவம்மாள் தெருவுக்கு வந்தாள். பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. அமிர்தவள்ளி. அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து பூவம்மாள் நின்றாள். அந்தப் பெண் அவள் முன்னால் மூச்சு வாங்க நின்று, மெதுவாகத்தான் பேசினாள்.

"எனக்கு வலிப்புன்னு அந்த ஊர்ல பேச்சுன்னு பிற்பாடு ஒருத்தர் வந்து சொன்னாங்க அத்தை. மாமா வேதத்துல சேர்ந்ததைச் சொல்லாம அவங்க கட்டிவிட்ட சாக்குன்னு அம்மா சொல்லிச்சு. ஆனாலும் அதிலேருந்து அம்மாவே என்னைத் தனியா ஊத்துக்கு அனுப்பறதில்லை. ராத்திரி எழுந்து எழுந்து என் கையையும் காலையும் பார்க்கும். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இல்லைதானே?"

"இல்லைம்மா. அன்னிக்கு உனக்குப் பசி. நான்தான் மோர் குடுத்தேன்."

அமிர்தவள்ளி அங்கேயே தெருவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பூவம்மாள் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

அந்த வாரமே கடலை ஏற்றப் போகிற வண்டி ஒன்றில் இடம் கேட்டு மாதனூர் வழியாக ஒடுகத்தூருக்குப் போனாள். மாப்பிள்ளையின் தாய் எல்லம்மாள் களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாய் காரம் என்று பேர் எடுத்தவள். பூவம்மாள் சொன்னதையெல்லாம் கை நிறுத்தாமல் கேட்டாள்.

"என் பெரியவனுக்குக் கல்யாணம் ஆகி, அவ மாசமா இருக்கா. இப்ப வந்து இன்னா பிரயோஜனம்? அன்னிக்கு நீ சொன்னதை நம்பினது தப்புன்றே. இன்னிக்கு நீ சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?"

நம்ப வேண்டாம், வந்து பெண்ணைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பூவம்மாள் எழுந்தாள். எல்லம்மாள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

ஊருக்கு வந்து போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். போகச் சொல்லியிருந்தது, போய்விட்டேன், ஆனால் ஒப்புரவாகவில்லையே, இப்போது காணிக்கை செலுத்தலாமா என்று கேட்டாள். அவர் யோசித்தார். போவது உன் பங்கு, கதவைத் திறப்பது அவர்கள் பங்கு, நீ அரிசியைக் கொண்டுவா என்றார். கதவு திறக்கிற வரைக்கும் போய்க்கொண்டே இருப்பதும் என் பங்குதானே என்றாள் அவள்.

அரிசியைக் கொண்டுபோக எடுத்தால் பானை முழுக்க வண்டு. சாமுவேல் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார, இரண்டு பேருமாகச் சனிக்கிழமை முழுக்கப் புடைத்துச் சலித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சலித்த அரிசியோடு கோயிலுக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் பூவம்மாள் அடுத்த பக்கம் வாசித்தாள்.

கீழண்டைத் தெருவுக்குப் போவதையும் அவள் விடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செண்பகம் வீட்டுக்கு எதிரே போய், வாசற்படி மிதிக்காமல் தெருவில் நின்று, அண்ணி, வந்துட்டுப் போறேன் என்பாள். உள்ளேயிருந்து பதில் வராது. திரும்பிவிடுவாள். மழை பெய்தால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு போவாள். இன்னா பேஜார் இது, போனா போகுது விடு என்று பட்டை இடிக்கிற பெண்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒடுகத்தூர் எல்லம்மாள் வந்த காரியத்தை யாரிடமும் சொல்லாமல் சந்தை சாக்கில் ஆம்பூருக்கு வந்தாள். சேரியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, அமிர்தவள்ளியோடு ஊற்றுக்குப் போனாள், விறகுக்குப் போனாள், வெயிலில் நடக்கவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். கடைசியில் செண்பகத்தின் வீட்டுக்கு வந்து, என் இளையவனுக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டாள். செண்பகம் அதிர்ந்துபோய், எப்படி மனசு மாறியது என்றாள். உன் தம்பி பொண்டாட்டி என் களத்துல வந்து தன் வாயால தன்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டுப் போனா, அப்படிச் சொல்றதுக்காக யாராவது அவ்ளோ தூரம் வருவாங்களா என்று எனக்கே ஒரு யோசனை வந்தது என்றாள் எல்லம்மாள்.

கல்யாணத்துக்குச் சாமுவேலைக் கூப்பிட்டார்கள். தாய்மாமன் இல்லாமல் எப்படி? போதகரின் அனுமதியோடு போய், பூசைக்கு விலகி நின்று, சீர் மட்டும் குறையில்லாமல் செய்தான். பூவம்மாளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகக் கூடாது என்று அவள் வீட்டிலேயே இருந்தாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி அவள் வீட்டெதிரே நின்றது. அமிர்தவள்ளிதான் நிறுத்தச் சொன்னாள். மஞ்சள் புடவையோடு இறங்கி வந்து, வாசலில் நின்ற அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். வண்டிக்குள் செண்பகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடு நகரும்போது முகத்தைத் திருப்பாமலே, "வெயில்ல நிக்காதே, உள்ள போ" என்றாள்.

அவ்வளவுதான் முதல் பேச்சு. அடுத்த பேச்சுக்கு வெகுநாள் ஆனது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று வந்துட்டுப் போறேன் என்றவளுக்கு உள்ளேயிருந்து, சரி என்று குரல் வந்தது. இன்னொரு ஞாயிறு ஒரு மணை வெளியே போட்டிருந்தது. உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள்.

பல வருஷம் கழித்துச் சாமுவேல் முந்திப் போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று செண்பகம் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பூவம்மாள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு கிழவிகளும் ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள். காலையில் பூவம்மாள் வாசிப்பாள். செண்பகம் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு, நடு நடுவே, இதை நீ எங்க செய்யப்போறே பார்க்கலாம் என்பாள். அவள் கடைசி வரைக்கும் கங்கையம்மனைத்தான் கும்பிட்டாள். அதைப் பற்றி அவர்களுக்குள் வழக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை. உப்பு ஜாஸ்தியா கம்மியா என்பதில்தான் தினமும் வழக்கு.

முப்பதுகளின் தொடக்கத்தில் அமிர்தவள்ளியின் மூத்த மகனுக்குக் கல்யாணம் வந்தது. அப்போது ஒடுகத்தூருக்குப் பஸ் விட்டிருந்தார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறுவது அதுவே முதல் தடவை. ஜன்னலோர இடம் யாருக்கு என்று ஆம்பூரிலேயே தகராறு ஆரம்பித்தது. உயர்ந்த இடத்தைத் தேடாதே என்று உன் வேதத்தில் போட்டிருக்கிறது, நேற்று நீதானே வாசித்தாய் என்று செண்பகம் மடக்கினாள். பூவம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இடத்தை விட்டுக் கொடுத்தாள். வண்டி மாதனூர் தாண்டி மலை தெரியத் தொடங்கியதும் செண்பகம் எழுந்து நின்றாள்.

"நகரு. பாதி தூரம் நான் பார்த்துட்டேன், மிச்சத்தை நீ பாரு."

ஓட்டுநர் உட்காரச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தார்கள்.